பட்டறை திறந்தது, கணக்குப் பெட்டி திறக்கவில்லை

கோவை அவினாசி ரோட்டில் பீளமேட்டைத் தாண்டிப் போனால் ஹோப் காலேஜ் என்று ஒரு பஸ் ஸ்டாப் வரும். உள்ளூர்க்காரர்களுக்கு அது வெறும் 'ஹோப்ஸ்'. அந்தப் பெயரில் அங்கே காலேஜ் எதுவும் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. 1940 முதல் 1946 வரை சென்னை மாகாண கவர்னராக இருந்தவர் சர் ஆர்தர் ஹோப். 1945-ல் ஜி.டி. நாயுடு முன்னின்று தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். பின்னால் அது அரசாங்கக் கல்லூரியாகி, தடாகம் ரோட்டுக்கு இடம் மாறி, இன்றைய ஜி.சி.டி. ஆனது. காலேஜ் போய்விட்டது, பேர் மட்டும் ஸ்டாப்பிலேயே நின்றுவிட்டது.

ஜி.டி. நாயுடு அந்தக் கல்லூரியின் முதல்வராக இருந்தது கொஞ்ச நாள்தான். நான்கு வருஷப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறது, இரண்டு வருஷமே தாராளம் என்பது அவர் வாதம். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. 1946-ல் விலகிவிட்டார். வாதம் சரியா தப்பா என்பது இருக்கட்டும். அதை வைத்தது யார் என்று பாருங்க. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்ட ஆரம்பித்து, யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியாக வளர்த்தவர். 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டாரைக் கொண்டுவந்தவர். அதாவது, ஆளை வேலைக்கு எடுக்கிற முதலாளி. அவரே கல்லூரி முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்து, பாடத்திட்டம் போடுகிற அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றிருக்கிறார்.

இப்போது பிசினஸ் ஸ்கூல் மாணவர்களோடு கம்பெனிகள் எப்படிப் பழக வேண்டும் என்று நிறையப் பேசுகிறார்கள். கேம்பஸ் இன்டர்வியூ, கெஸ்ட் லெக்சர், இன்டர்ன்ஷிப், புரிந்துணர்வு ஒப்பந்தம் என்று நீளமான பட்டியல். இந்த ஊருக்கு அந்தக் கேள்வி புதுசு இல்லைங்க, கிட்டத்தட்ட நூறு வருஷப் பழசு. தொழில்நுட்பப் படிப்புக்கு கொங்கு முதலாளிகள் ஒரு நல்ல விடையைக் கண்டுபிடித்தார்கள். மேலாண்மைப் படிப்பு வந்தபோது அந்த விடையைக் கூடவே எடுத்துப் போகவில்லை. ஏன் எடுத்துப் போகவில்லை, இனிமேல் முடியுமா என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஐந்தாவது பங்கு

பீளமேட்டு பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவுக்கு வெங்கடசாமி, ரங்கசாமி, கங்கா, நாராயணசாமி என்று நான்கு மகன்கள். குடும்பச் சொத்தை நாலாகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கைத் தர்மத்துக்கு என்று எழுதி வைத்தார்கள். 1926-ல் உருவான பி.எஸ்.ஜி. அண்டு சன்ஸ் சாரிட்டீஸ் அப்படிப் பிறந்ததுதான். தர்மத்தையும் ஒரு பங்காளியாக உட்கார வைத்த கதையாக இதை ஊரில் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, அந்தப் பங்கு போய்ச் சேர்ந்த இடம். சத்திரம், கோயில் என்று மட்டும் போகாமல், தொழிற்பட்டறையாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆனது. அதே காலத்தில் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட், 1939-ல் பாலிடெக்னிக், 1947-ல் கலைக் கல்லூரி, 1951-ல் பி.எஸ்.ஜி. டெக் என்று வரிசையாக வந்தன.

அப்படி ஒரு பங்குக்குப் பட்டறை தேவைப்பட்டது ஏன்? கோவையின் முதல் பெரிய நூற்பாலையை 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கினார். ஆனால் மில்கள் பெருகியது 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்த பிறகுதான். மின்சாரம் மில்லுக்கும் வந்தது, விவசாயக் கிணற்றுக்கும் வந்தது. மில் மெஷின்கள் இங்கிலாந்தில் செய்தவை. ஒரு பல்சக்கரம் உடைந்தால் கப்பலுக்காகக் காத்திருக்க முடியாது. கிணற்றுக்கு மோட்டாரும் பம்ப்செட்டும் வேண்டும். ஆக, ஃபவுண்டரியும் லேத் பட்டறையும் ஊரின் அவசரத் தேவை ஆயின. ஃபிட்டர், டர்னர், மோல்டர், டிராஃப்ட்ஸ்மேன் எல்லாம் கூப்பிட்ட குரலுக்குக் கிடைக்கிற ஆட்கள் இல்லை. முதலாளிதான் உருவாக்கியாகணும்.

இங்கேதான் அந்த 'நல்ல விடை' வருகிறது. பி.எஸ்.ஜி. வளாகத்துக்குள்ளேயே இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் மோட்டாரும் பம்ப்பும் வார்ப்படமும் செய்து வெளியில் விற்றது. மாணவன் பழகியது அந்தப் பட்டறையில். செய்முறைக்கென்று தனியாக வைத்த பொம்மை லேப் கிடையாது. அவன் மோல்டிங்கில் தப்புப் பண்ணினால் அது ரெக்கார்டு நோட்டில் மார்க் குறைவதோடு முடியாது, விற்க வேண்டிய சரக்கு கழிவாகப் போகும். முதலாளிக்கும் வலிக்கும், மாணவனுக்கும் வலிக்கும்.

உலகத்தில் இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தது. 1903-ல் இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் டெக்னிக்கல் காலேஜ், கொஞ்ச மாதம் வகுப்பு, கொஞ்ச மாதம் தொழிற்சாலை என்று மாற்றி மாற்றி நடத்தும் முறையைத் தொடங்கியது. அதுதான் சாண்ட்விச் கோர்ஸ். அமெரிக்காவில் 1906-ல் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் இதே கருத்தை வேறு வடிவில் கொண்டுவந்தார். பி.எஸ்.ஜி. டெக்கின் ஐந்து வருஷ பி.இ. சாண்ட்விச் படிப்பு அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. கல்லூரியின் முதல் முதல்வர் ஜி.ஆர். தாமோதரன். பின்னால் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தவர். தமிழில் அறிவியல் சொல்ல 'கலைக்கதிர்' என்ற பத்திரிகையை நடத்தியவரும் அவரே. பட்டறை, வகுப்பறை, பத்திரிகை மூன்றும் ஒரே கையில் இருந்தன.

இதே மாதிரி கொங்கு முழுக்கத் தொடர்ந்தது. 1956-ல் வி. ரங்கசாமி நாயுடு கல்வி அறக்கட்டளையின் சி.ஐ.டி. 1957-ல் பொள்ளாச்சியில் நாச்சிமுத்து பாலிடெக்னிக். அதன் பின்னால் நின்றது ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட், அதாவது ஏ.பி.டி. நடத்திய குடும்பம். 1984-ல் தமிழ்நாட்டில் சுயநிதி பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்த அதே வருஷம், அந்தக் குடும்பத்து நா. மகாலிங்கத்தின் சக்தி குழுமத்தின் துணையோடு குமரகுரு கல்லூரியும், பெருந்துறையில் கொங்கு பொறியியல் கல்லூரியும் தொடங்கின. 1996-ல் சத்தியமங்கலத்தில் பண்ணாரி அம்மன். 1997-ல் திருப்பூரில் ஏற்றுமதியாளர் சங்கமே சேர்ந்து நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரியை ஆரம்பித்தது. கல்லூரி நிறுவனர் ஒருவர், வேலை கொடுப்பவர் இன்னொருவர் என்ற பிரிவே இங்கே ரொம்ப காலம் இல்லை.

அகமதாபாத்தில் நடந்தது

இப்போது ஒரு ஒப்பீட்டுக்காக குஜராத்துக்குப் போய் வருவோம். அகமதாபாத்தும் மில் ஊர். அந்த ஊரையும் மான்செஸ்டர் என்பார்கள், நம் ஊரையும் மான்செஸ்டர் என்பார்கள். 1947-ல் அங்கே மில் முதலாளிகள் சேர்ந்து அடிரா என்ற ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தை அமைத்தார்கள். அதை நடத்திக் காட்டியவர் விக்ரம் சாராபாய். ஒன்பது வருஷம் கழித்து 1956-ல் கோவையில் சிட்ரா, அதாவது தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் வந்தது. இதுவரை இரண்டு ஊரும் ஒரே பாதை.

அதற்குப் பிறகு பாதை பிரிகிறது. அடிராவில் நூலையும் மெஷினையும் ஆராய்ந்ததோடு, மனிதர்களையும் ஆராய்ந்தார்கள். அங்கே உளவியல் பிரிவில் வேலை பார்த்த கமலா சௌத்ரி, 1961-ல் அகமதாபாத்தில் ஐ.ஐ.எம். தொடங்கியபோது அதைக் கட்டி எழுப்பியவர்களில் ஒருவர். சாராபாய், கஸ்தூர்பாய் லால்பாய் போன்ற மில் முதலாளிகள் ஒரு பக்கம், மத்திய மாநில அரசுகள் ஒரு பக்கம், ஃபோர்டு ஃபவுண்டேஷன் பணம், ஹார்வர்டின் ஒத்துழைப்பு. 1964-ல் இரண்டு வருஷ முதுநிலைப் படிப்பு ஆரம்பமானது. மில்லின் கேள்வி ஒன்று ஆராய்ச்சிச் சங்கமாகி, அங்கிருந்து மேலாண்மைப் பள்ளியாக வளர்ந்தது.

கோவையில் சிட்ரா சிட்ராவாகவே இருந்தது. மேலாண்மைப் படிப்பு இங்கே இல்லாமல் போகவில்லை. 1970களிலேயே பி.எஸ்.ஜி. டெக்கில் மேலாண்மைத் துறை இருந்தது. அதுதான் பின்னால் பி.எஸ்.ஜி. இன்ஸ்டிட்யூட் ஆஃப் மேனேஜ்மென்ட் என்று தனியாக வளர்ந்தது. 1990களுக்குப் பிறகு பொறியியல் கல்லூரி என்றால் கூடவே ஒரு எம்.பி.ஏ. பிளாக் என்று ஆனது. இடமும் ஆளும் படிப்பும் வந்துவிட்டன. வராமல் போனது பட்டறைதான். மேலாண்மை மாணவனுக்குப் பட்டறை எது?

கணக்குப் பெட்டி

என் கணிப்பு இது. லேத்தைக் காட்டுவதில் முதலாளிக்குச் சங்கடம் இல்லை. ஃபர்னஸை ஊரே வந்து பார்க்கலாம். ஆனால் மேலாண்மை மாணவன் கற்றுக்கொள்ள வேண்டிய இயந்திரம் ஃபர்னஸ் இல்லையே. யாருக்கு எவ்வளவு கடனுக்குச் சரக்கு போகிறது, பாக்கி எத்தனை நாளில் வருகிறது, எந்த ஐட்டத்தில் லாபம், எதில் நஷ்டத்துக்கு ஓட்டுகிறோம், அடுத்த தலைமுறையில் யார் எதைப் பார்ப்பது என்பதெல்லாம்தான் அவனுடைய லேத். அது இருப்பது கணக்குப் பெட்டியில். கொங்கு நாட்டுக் குடும்பத் தொழிலில் அந்தப் பெட்டியை முதலாளி, அவர் தம்பி, கணக்குப்பிள்ளை, ஆடிட்டர் என்று நாலு பேரைத் தவிர யாரும் திறப்பதில்லை. சில வீடுகளில் தம்பிக்கும் தெரியாது.

அதனால் முதலாளிகள் எம்.பி.ஏ.வை ஒதுக்கினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தங்கள் பிள்ளைகளை அங்கே அனுப்பினார்கள். பம்ப்செட் கம்பெனிக்காரர் மகன் பி.இ. முடித்து எம்.பி.ஏ. படிப்பது எண்பதுகளுக்குப் பிறகு வழக்கமாகவே ஆகிவிட்டது. அவனுக்குப் பெட்டியின் சாவி வீட்டிலேயே கிடைக்கும். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கோ கண்டக்டர் மகளுக்கோ கிடைக்காது. ஒரே வகுப்பு, ஒரே புத்தகம். ஒருத்தருக்குப் பட்டறை உண்டு, இன்னொருத்தருக்கு இல்லை.

பெட்டி திறக்காத இடத்தில் மாணவனுக்கு என்ன கொடுத்தார்கள்? சம்மர் ப்ராஜெக்ட். எம்.பி.ஏ. படித்த யாரிடமும் கேட்டுப் பாருங்க. இன்ன கம்பெனி ஊழியர்களின் பணி திருப்தி பற்றிய ஓர் ஆய்வு. நூறு பேரிடம் கேள்வித்தாள், அதில் பாதியை நண்பர்களே நிரப்புவது. வட்ட வட்டமாகப் படம், கடைசியில் கேண்டீனை மேம்படுத்தலாம் என்று ஒரு பரிந்துரை. தங்க எழுத்து போட்ட பைண்டிங். கம்பெனி சீல் வைத்து ஒரு சர்டிபிகேட். மாணவன் மேல் மட்டும் பழி போட முடியாது. கம்பெனி அவனுக்குத் திறந்துவிட்டது கேண்டீன் வரைக்கும்தான்.

மறுபக்கத்தில் முதலாளியின் குரலும் இந்த ஊரில் கேட்டுப் பழகியதே. "எம்.பி.ஏ. படிச்ச தம்பிய வெச்சு நான் என்னங்க பண்றது? லேத்தும் ஓட்டாது, லோடும் ஏத்தாது. மூணு மாசத்துல பெங்களூரு போயிரும்." இதை வெறும் அலட்சியம் என்று தள்ளக் கூடாது. திருப்பூர் பின்னலாடை முதலாளிகளில் பலர் தொழிலாளியாக இருந்து மேலே வந்தவர்கள். தங்கள் முன்னேற்றத்துக்கு அவர்கள் சொல்லும் ஒரே காரணம் 'உழைப்பு'. ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004-ல் வெளியிட்ட 'ஃபிரட்டர்னல் கேப்பிட்டல்' நூலில் முக்கியமாக எடுத்துக்கொண்டது இந்த உழைப்புப் பேச்சைத்தான். கையால் செய்து மேலே வந்தவருக்கு, கையால் செய்யாத படிப்பு மேல் சந்தேகம் வருவது இயல்பு.

சட்டமும் இந்தப் பிரிவைக் கொஞ்சம் பெரிதாக்கியது. தொழில் பழகுநர் சட்டம் வந்தது 1961-ல். 1973-ல் திருத்தி, பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமா படித்தவர்களையும் சேர்த்தார்கள். பொறியியல் சாராத பட்டதாரிகளும் பழகுநராக வரலாம் என்று திருத்தம் வந்தது 2014-ல்தான். நாற்பது வருஷம் பி.இ. படித்தவனுக்குப் பட்டறையில் உதவித்தொகையோடு ஓர் இடம் சட்டப்படி இருந்தது. பி.காம்., பி.பி.ஏ. படித்தவனுக்கு அப்படி ஓர் இடம் என்ற எண்ணமே இல்லை. இன்றைக்கு உதவித்தொகையில் ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்கிறது. சின்னக் கம்பெனிகள் எத்தனை பேர் இதைப் பயன்படுத்துகிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்த பட்டறையில் கேட்டுப் பாருங்க.

இன்னொரு விஷயமும் நடந்தது, அது எங்கள் ஐ.டி. துறை செய்த வேலை. தொண்ணூறுகளின் கடைசியில் இருந்து சாஃப்ட்வேர் கம்பெனிகள் கோவைக் கல்லூரிகளுக்கு வந்து, ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் ஆள் எடுத்துப் போனார்கள். காலையில் எழுத்துத் தேர்வு, மதியம் குரூப் டிஸ்கஷன், ராத்திரி லிஸ்ட். எங்களுக்கு அது தோதான முறை. எந்தத் துறையில் படித்திருந்தாலும் பரவாயில்லை, உள்ளே எடுத்து மூன்று மாதம் நாங்களே பயிற்சி கொடுத்துக்கொள்வோம். ஆனால் அந்த முறையே பிறகு எல்லாப் படிப்புக்கும் இலக்கணம் ஆகிவிட்டது. முதலாளி கல்லூரிக்கு வருவது வருஷத்தில் ஒரு நாள், பொறுக்கி எடுக்க. ஐம்பது பேர் வைத்து நடத்தும் கணபதி ஃபவுண்டரிக்காரரால் அந்த நாளில் போட்டி போட முடியாது. சம்பளத்திலும் முடியாது, ஸ்லைடு போட்டுப் பேசுவதிலும் முடியாது. அவருடைய பலமே வேறு. மாணவன் முதல் வாரத்திலேயே முழுத் தொழிலையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம். அந்தப் பலத்தைக் காட்ட கேம்பஸ் இன்டர்வியூவில் இடமே இல்லை.

பழசெல்லாம் பொன் இல்லை

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பட்டறையும் பள்ளியும் ஒன்றாக இருந்த காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்லவில்லை. யாருக்குப் பட்டறைக் கதவு திறந்தது என்று கேட்கணும். சொந்தக்காரர், ஊர்க்காரர், சாதிக்காரர், தெரிந்தவர் சொல்லிவிட்ட பையன் என்ற வரிசையில்தான் ரொம்ப நாள் ஆள் எடுத்தார்கள். பெண்களுக்கு அந்தப் பட்டறையில் இடம் இருந்ததில்லை. பழகுநர் என்ற பெயரில் குறைந்த கூலிக்கு முழு வேலை வாங்கிய இடங்களும் உண்டு. கேம்பஸ் இன்டர்வியூ என்ற முறை எவ்வளவு மேலோட்டமானதாக இருந்தாலும், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் மார்க் ஷீட்டைப் பார்த்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் அந்தக் கதவு வழியாகத்தான் வெளியே வந்தார்கள். இதை மறந்துவிட்டுப் பழையதற்குத் திரும்பணும் என்று பேசினால் அது நியாயம் இல்லை.

ஆக, நமக்கு வேண்டியது இரண்டும் சேர்ந்த ஒன்று. பட்டறையின் ஆழம் வேண்டும், கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவும் வேண்டும். முதலாளியின் ரகசியமும் தெருவுக்கு வரக் கூடாது. இது நடக்கிற காரியமா?

பெட்டியைத் திறக்க இரண்டு சாவிகள்

முதல் சாவி அமெரிக்காவில் இருக்கிறது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 1908-ல் தொடங்கியபோது அவர்களிடமும் பாடப்புத்தகம் கிடையாது. முதல் டீன் எட்வின் கே, சட்டக் கல்லூரியில் வழக்குகளை வைத்துப் பாடம் நடத்துவதைப் பார்த்து, வியாபாரத்துக்கும் அப்படிச் செய்யலாம் என்று நினைத்தார். கொஞ்ச வருஷத்தில் ஏ.டபிள்யூ. ஷா என்ற பதிப்பாளர் ஒரு வகுப்பை நடத்தினார். ஒரு தொழிலதிபர் வகுப்புக்கு வருவார். அந்த நேரத்தில் தன் கம்பெனியில் தீராமல் கிடக்கும் ஒரு சிக்கலைச் சொல்லுவார். மாணவர்கள் கேள்வி கேட்பார்கள், பிறகு ஆளுக்கொரு தீர்வு எழுதித் தருவார்கள். அவர் திரும்பவும் வந்து, எது நடக்கும், எது நடக்காது என்று விவாதிப்பார். கேஸ் முறை என்று இன்று உலகம் முழுக்கச் சொல்வதற்கு முன்னோடி இந்த வகுப்பு. நம் ஊர் கெஸ்ட் லெக்சரோடு ஒப்பிட்டுப் பாருங்க. இங்கே தொழிலதிபர் வந்து தான் ஜெயித்த கதையைச் சொல்வார். சால்வை, நினைவுப் பரிசு, குரூப் போட்டோ. அங்கே அவர் கொண்டுவந்தது ஜெயித்த கதையை இல்லை, தீராத கணக்கை. பின்னாளில் எழுதிய கேஸ்களில் கம்பெனி கேட்டால் பெயரையும் எண்களையும் மாற்றிப் போடும் வழக்கமும் வந்தது. சிக்கல் உண்மை, முகம் மட்டும் மறைவு.

இரண்டாவது சாவி நம் ஊரிலேயே, அவினாசி ரோட்டிலேயே இருக்கிறது. மில் முதலாளிகளும் கணக்கை மறைப்பதில் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் சிட்ரா என்ற பொது இடத்துக்குத் தங்கள் மில்லின் உற்பத்தித் திறன், ஆள் கணக்கு, கழிவுக் கணக்கு எல்லாவற்றையும் கொடுத்தார்கள். சிட்ரா அதையெல்லாம் சேர்த்து, மில்களுக்கு இடையேயான ஒப்பீட்டு ஆய்வுகளை வெளியிட்டது. ஒரு மில்காரர் மற்றவர்களோடு ஒப்பிட்டால் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ளலாம். போட்டியாளர்கள் தங்கள் எண்களை ஒரே பெட்டியில் போட்டு, ஆளாளுக்குப் பயன் எடுத்துக்கொண்ட முறை இது. அறுபது வருஷத்துக்கும் மேலான பழக்கம். கோவைக்காரன் கணக்கை வெளியே காட்டவே மாட்டான் என்பவர்களுக்கு இதைவிடப் பதில் வேண்டாம். நம்பகமான நடுவர் ஒருத்தர் இருந்தால் காட்டுவான்.

அந்த நடுவர் வேலையை ஒரு பிசினஸ் ஸ்கூல் செய்ய முடியும். சிறுதொழில் சங்கமான கொடிசியா 1969-ல் இருந்து இங்கே இருக்கிறது. அதற்கும் முந்தியது பொறியியல் உற்பத்தியாளர்களின் சீமா. சங்கம் ஒரு பக்கம், கல்லூரி ஒரு பக்கம் நின்று, ஒரே மாதிரித் தொழில் செய்யும் இருபது பட்டறைகளைச் சேர்த்தால் போதும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். இருபது பம்ப்செட் பட்டறைகள், இருபது மாணவர்கள், எட்டு வாரம். கேள்வி ஒன்றே ஒன்று: விற்ற சரக்குக்குப் பணம் எத்தனை நாளில் வருகிறது? 2006-ம் வருஷத்து சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, சின்ன நிறுவனத்திடம் வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். 2024-25 கணக்கீட்டு ஆண்டில் இருந்து, குறு, சிறு நிறுவனங்களுக்கு அந்தக் கெடுவுக்குள் தராத பாக்கியை வாங்கியவர் அந்த வருஷச் செலவாகக் கழிக்க முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவும் இறுகியது. ஆனால் நடைமுறையில் டீலர் எப்போது கொடுக்கிறார்? மாணவன் பில் புத்தகத்தோடு உட்கார வேண்டும். எந்த டீலர், எந்தத் தேதி பில், எந்தத் தேதி வரவு, நடுவில் எத்தனை போன், சீசனில் எப்படி, மழை பொய்த்த வருஷத்தில் எப்படி. பிறகு ரெண்டு டீலரை நேரில் போய்ப் பார்த்து, ஏன் தாமதம் என்று அவர் பக்க நியாயத்தையும் கேட்க வேண்டும். முடிவில் முதலாளிக்குத் தன் பட்டறையின் எண் கையில் கிடைக்கும், மற்ற பத்தொன்பது பேரின் சராசரியும் பெயர் இல்லாமல் கிடைக்கும். மாணவனுக்கு, வொர்க்கிங் கேப்பிட்டல் என்று புத்தகத்தில் நாலு பக்கம் படித்தது என்னவென்று கையில் ஒட்டும்.

இதில் முதலாளி செய்ய வேண்டியது பெரிய செலவு இல்லை. உண்மையான ஒரு கேள்வி, ஒரு மேஜை, வாரத்துக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை மேனேஜரிடம் தள்ளிவிடாமல் அவரே கொடுக்கணும். உதவித்தொகையும் கொடுக்கணும். இல்லாவிட்டால் வீட்டில் வசதி உள்ள பிள்ளைகள் மட்டுமே இலவசமாக வேலை செய்ய வருவார்கள், பழைய கதை திரும்ப ஆரம்பிக்கும். எந்த மாணவர் எந்தப் பட்டறைக்கு என்பதைக் கல்லூரி தீர்மானிக்கட்டும். தெரிந்தவர் பையன் என்று போன் வந்தால் அதற்கு இடம் இருக்கக் கூடாது. கல்லூரி செய்ய வேண்டியது, தங்க எழுத்து பைண்டிங்கை ஒழித்து, முதலாளி முன்னால் இருபது நிமிஷம் தமிழில் விளக்கிச் சொல்வதைத் தேர்வாக்குவது. முதலாளிக்குப் புரியாத அறிக்கைக்கு மார்க் கிடையாது.

வேலை கொடுப்பது அதற்கு அப்புறம் வருகிற விஷயம். எட்டு வாரம் ஒருவரை ஒருவர் பார்த்தவர்களுக்கு இன்டர்வியூ தேவைப்படாது. அந்தப் பெண்ணோ பையனோ பெங்களூருக்கே போனாலும், கோவைப் பம்ப்செட் தொழிலின் உள்கணக்கு தெரிந்த ஒருவராகப் போகிறார். நாளைக்கு அவர் ஒரு பேங்கில் கடன் பிரிவில் உட்காரலாம், பெரிய கம்பெனியில் கொள்முதல் பார்க்கலாம். நம் பட்டறைக்காரரின் ஃபைல் அங்கே போய்ச் சேரும்போது, அதைப் படிக்கத் தெரிந்த ஒருத்தர் அங்கே இருப்பார்.

ஜி.டி. நாயுடு அரசாங்கத்தோடு போட்ட சண்டையை எத்தனை வருஷப் படிப்பு என்ற சண்டையாகவே இதுவரை படித்திருக்கிறோம். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது, கற்றுக் கொடுப்பதில் தனக்கும் பங்கு உண்டு என்று ஒரு முதலாளி நினைத்ததுதான். 1926-ல் பீளமேட்டில் பிரித்த ஐந்தாவது பங்கும் அதே நினைப்பு. அன்றைக்கு அது நிலமாகவும் பணமாகவும் லேத்தாகவும் போனது. இந்தத் தலைமுறை முதலாளிகளிடம் மேலாண்மை மாணவன் கேட்பது அதைவிட மலிவான, ஆனால் கொடுக்க மனசு வராத ஒன்றை. உங்கள் பில் புத்தகத்தை எட்டு வாரம் பார்க்கக் கொடுங்க. இந்த வருஷ சம்மர் ப்ராஜெக்டுக்குக் கடிதத்தோடு ஒரு மாணவர் வந்து நின்றால், ஹெச்.ஆர். ரூமுக்கு அனுப்பும் முன்னால் ஒரு நிமிஷம் இதை யோசிச்சுப் பாருங்க.